திருப்பிக் கொடுக்கும் மனமாற்றம்

(பொதுக்காலம் 31ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 19:1-10)



சக்கேயு மரத்தில் ஏறியதை நம் மறைக்கல்விக் குழந்தைகள்கூட அறிவார்கள். இறங்கி வந்தபின் அவர் சொன்னதைத்தான் நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். 'மன்னியும்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஏழைகளுக்குப் பாதிச் சொத்து, ஏமாற்றிப் பறித்ததற்கு நான்கு மடங்கு என்று கணக்கோடு பேசுகிறார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவிப்பது அதற்குப் பிறகுதான்.

இதைப் புரிந்துகொள்ள, கனடாவின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தீவுக்குப் போவோம். கார்மொரன்ட் தீவு, அதிலுள்ள ஊர் அலெர்ட் பே. நம்கீஸ் என்னும் பூர்வகுடி மக்கள் வாழும் ஊர் அது. திருமணம், பெயர் சூட்டுதல், இறந்தோர் நினைவு போன்ற வேளைகளில் அவர்களும் அவர்களது உறவு இனத்தாரும் 'பாட்லாட்ச்' என்ற விழா எடுப்பார்கள். நம் விழாக்களில் வந்தவர் மொய் எழுதுவார். அங்கே அழைத்தவரே வந்தவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார். சேர்த்தவர் அல்ல, கொடுத்தவரே பெரியவர். இது நற்செய்திக்கு எவ்வளவு நெருக்கமானது!

ஆனால், அரசு அதிகாரிகளோடு மறைப்பணியாளர்களும் வற்புறுத்த, 1885 முதல் கனடா அரசு இவ்விழாவைத் தடை செய்தது. 1921ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் டான் கிரான்மர் என்பவர் அருகிலிருந்த ஒரு தீவில் பெரிய விழா எடுத்தார். அடுத்த ஆண்டு அலெர்ட் பேயில் வழக்கு நடந்தது. முகமூடிகளையும் விழாப் பொருள்களையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்றார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பலர் சிறை சென்றார்கள். பறித்த பொருள்களை ஊரின் ஆங்கிலிக்கன் பங்கு மன்றத்திலேயே பரப்பி, கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். பிறகு அவை ஒட்டாவா, டொரான்டோ, நியூயார்க் எனச் சிதறிப்போயின.

1951இல் தடை நீங்கியது. பொருள்களோ திரும்பவில்லை. மூப்பர்கள் விடாமல் கேட்டார்கள். 1980 நவம்பர் 1 அன்று, நாம் புனிதர் அனைவரையும் கொண்டாடும் நாளில், அவ்வூரில் ஒரு பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'உமிஸ்தா'. முற்காலத்தில் எதிரிகளிடம் சிறைப்பட்டவர் வீடு திரும்பினால், அவருக்கு உமிஸ்தா கிடைத்தது என்பார்களாம். திரும்பி வந்த முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பூட்டிக் கிடந்த காலம் போதும் என்று எண்ணினார்கள்.

2003இல் பிரான்சிலிருந்து ஒரு பெண் அங்கே வந்தார். அவர் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் மகள். தந்தை சேர்த்து வைத்திருந்த தலையணி ஒன்று அம்மக்களுடையது என்று அறிந்து, தாமே கொண்டுவந்து கொடுத்தார். பறித்தவர் அவர் அல்ல, அவருடைய தந்தையும் அல்ல. ஆனாலும் தம் வீட்டில் இருப்பது பிறருடையது என்று தெரிந்தபின் அதை வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

அதே ஊரில், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளி ஒன்றும் இருந்தது. 2015இல் அக்கட்டடத்தை இடித்தார்கள். அது ஆங்கிலிக்கன் பள்ளிதானே என்று நாம் கைகழுவ முடியாது. கனடாவில் அத்தகைய பள்ளிகள் பலவற்றை நடத்தியவை நம் கத்தோலிக்கத் துறவு சபைகளே. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்பது முதல் படிதான், முடிவல்ல என்பதையும் அவரே சொன்னார்.

அன்பானவர்களே, ஒப்புரவு அருளடையாளத்தில் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். பிறர் பொருளைத் திருப்பித் தராத மனமாற்றம் பாதியில் நிற்கும் மனமாற்றம். இன்று வீடு திரும்பியதும் நம் அலமாரியைத் திறந்து பார்ப்போம். தங்கைக்குச் சேரவேண்டிய நிலப் பத்திரம் நம்மிடம் இருக்கிறதா? மருமகளின் நகை நம் பெட்டியில் இருக்கிறதா? வேலை செய்தவரின் கூலி நிலுவையில் நிற்கிறதா? பங்காகவும் நம்மைக் கேட்டுக்கொள்வோம்: நாம் பறித்து இன்னும் திருப்பித் தராத மதிப்பு யாருடையது? அப்பா செய்தது, நமக்கென்ன என்று சொல்லாதிருப்போம்.

கொடுக்கும்போது வீடு திரும்புவது பொருள் மட்டுமல்ல. இழந்தவர் நிமிர்கிறார், வைத்திருந்தவர் விடுதலை பெறுகிறார். சக்கேயு மகிழ்ச்சியோடு இயேசுவை வரவேற்றார். அந்த மகிழ்ச்சியை நமக்கும் தர ஆண்டவரை மன்றாடுவோம். ஆமென்.