யானைமலைக் கல்லெழுத்தும் ஊர்ச்சபையின் காவலும்

(ஒத்தக்கடையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டைய நாகரிகத்தின் மேன்மையைக் காட்டும் அரும்பொருள்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எகிப்து நாட்டின் கோபுரக் கல்லறைகளைப் பற்றிப் பேசலாம். மொகஞ்சதாரோவின் செங்கல் வீதிகளைப் பற்றிப் பேசலாம். அவை வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இங்கே அமர்ந்திருக்கும் எவரும் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுவது யானைமலை. அதனை விட்டுவிட்டு அயல்நாட்டுக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மேலூர்ச் சாலையில் நாள்தோறும் போகிறவர்களுள் எத்தனை பேர் அம்மலைமீது ஏறி, அங்குள்ள எழுத்தைக் கண்டிருப்பார்கள்? மலையிலுள்ள இயற்கைக் குகையில் சமணத் துறவியர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த ஒரு வாசகம் உண்டு. அது இம்மலையை 'இவகுன்றம்' என்று குறிக்கிறது. 'இபம்' என்றால் யானை. ஆகவே, இம்மலையை நோக்கி யானை என்று சொன்ன முதல் மனிதர் நாமல்லேம். நம் பாட்டனாரும் அல்லர். இத்தகைய குகைகளின் முகப்பில், புருவம்போல ஒரு காடி வெட்டியிருப்பதையும் பாருங்கள். பாறையில் வழியும் மழைநீர் படுக்கைக்குள் வாராமல் வெளியே சொட்டிவிடுதற்கு அது செய்யப்பட்டது. சிறு வேலைதான், ஆனால் நீரின் போக்கை அறிந்தவன் செய்த வேலை.

அடிவாரத்திலுள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் உங்கள் யாவர்க்கும் தெரிந்ததே. அதனைக் குடைவித்தவர் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன்காரி. ஆண்டு கி.பி. 770. வேலை முழுதும் முடியுமுன் அவர் காலமானார். அவர்க்குப் பின் அமைச்சுப் பதவியேற்ற தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டித் திருப்பணியை நிறைவேற்றினார். இவ்வளவும் அங்கே கல்லில் எழுதியிருக்கிறது. வடமொழியைக் கிரந்தத்திலும் தமிழை வட்டெழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். நம்மூர்ப் பொதுக் கட்டடம் ஒன்றை யார் தொடங்கினார், யார் முடித்தார் என்பது ஐம்பது ஆண்டு கழித்து யார்க்கேனும் தெரியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன்!

பஞ்சாயத்து உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. மலையின் மேல், பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் உண்டு. பெயரோடு, அவ்வுருவத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காவலில் வைக்கப்பட்டது. மற்றொன்று திணைக்களத்தார் காவலில் வைக்கப்பட்டது. திணைக்களம் என்பது அக்காலத்து அரசு அலுவலர் அமைப்பு. இலங்கைத் தமிழர் இன்றும் அரசாங்கத் துறையைத் திணைக்களம் என்றே வழங்குகின்றனர். பொருளைச் செய்தவர் தனியொருவர்; காப்பவர் ஊர்ச்சபையார். அந்தச் சபையார் தம் சமயத்தார்தாமா என்று செய்வித்தவர் தயங்கியதாகத் தெரியவில்லை. நீங்கள் வகிக்கும் பதவி ஆயிரம் ஆண்டுகட்கு முன்னமே கல்லில் ஏறிய பதவி.

இங்கிருந்து வடக்கே மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் மலையில் இதனினும் பழைய எழுத்துகள் உள்ளன. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். இராபர்ட் சூவெல் என்ற ஆங்கிலேயர் 1882-இல் இவற்றைக் கண்டார். அப்போது படிப்பாரில்லை. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இக்குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் 1960-களில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை ஐயமறப் படித்துக் காட்டினார். அரசனோடு, வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவும் அங்கே அறம் செய்திருக்கிறது. எண்பது ஆண்டுகள் எழுத்துகள் சிதையாமல் காத்திருந்தமையால் அன்றோ அவற்றைப் படிக்க முடிந்தது? இடையில் ஒருவன் அந்தப் பாறையை உடைத்திருந்தால் படிக்க என்ன இருந்திருக்கும்?

உழவர்கட்கு மிக நெருக்கமான ஒரு பழம்பொருளைச் சொல்லுகிறேன். பாண்டி நாட்டுப் பழைய கண்மாய்கள் பலவற்றில், கரைக்கு உட்புறம் நீருக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவை குமிழித் தூம்பின் தூண்கள். கண்மாயின் அடியில் கல்லால் ஒரு தொட்டி அமைத்து, அதன் மூடியில் ஒரு துளையிட்டு, அதைத் தூண்களுக்கிடையே தொங்கும் ஒரு கல் அடைப்பால் மூடுவார்கள். மேலுள்ளது நீரோடித் துளை. தொட்டியின் அடிப்பக்கத்தில் உள்ளவை சேறோடித் துளைகள். அடைப்பைத் தூக்கியவுடன் நீர் பாயும் விசையில் அடியிலுள்ள சேறும் கலங்கி, குழாய் வழியே வயலுக்குப் போய்விடும். கண்மாயும் தூர்வதில்லை, வயலுக்கும் வண்டல் கிடைக்கிறது. பெரும் படிப்பு என்று இதைச் சொல்லாமல் எதைச் சொல்வது? அத்தூண்களில் தூம்பைச் செய்து கொடுத்தவர் பெயரை எழுதி வைத்திருப்பதும் உண்டு. தூர்வாரும்போது மண் அள்ளும் எந்திரம் அத்தூணைச் சாய்த்துவிட்டால், அது துவைகல்லாக மாற எத்தனை நாள் ஆகும்?

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியை நீங்கள் அறிவீர்கள். அங்கே 2014 முதல் மத்தியத் தொல்லியல் துறையும், பின்னர்த் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அகழ்ந்தன. தோண்டிய இடம் யாருடையது? தென்னந்தோப்பு வைத்திருந்த உழவர்களுடையது. அவர்கள் இடம் கொடுத்ததால் செங்கற்சுவர், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, பெயர் எழுதிய பானை ஓடுகள் ஆகியவை வெளிப்பட்டன. கூரை ஓடுகளில் மழைநீர் வழிய விரலால் இழுத்த பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை ஆய்ந்ததில் அதன் காலம் கி.மு. 580 என 2019-இல் அறிவிக்கப்பட்டது. ஆழத்தின் அளவை உற்று நோக்குங்கள். அதே கரியை ஒருவர் அள்ளிக் கூடையில் போட்டு அறிஞரிடம் கொடுத்திருந்தால், அது அடுப்புக்கரியோடு சேர்ந்ததே. கிடைத்த இடமும் ஆழமும்தான் பொருளுக்கு நாவாக நின்று பேசுகின்றன.

பானை ஓட்டில் பெயர் எழுதியவன் அரசன் அல்லன் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்ப் பிராமி எழுத்தும் குடைவரைக் கோயிலும் உள்ள அவ்வூரை, மீனாட்சிபுரத்தோடு சேர்த்து, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது. சுற்று வட்டாரத்துக் கிராம சபைகள் கூடி, வேண்டாவெனத் தீர்மானம் நிறைவேற்றின. அவ்வாண்டு டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. கிராம சபைத் தீர்மானம் வெறுங்காகிதம் என்று சொல்லுவோர்க்கு இதனை எடுத்துக் கூறுங்கள்.

இனி, செய்யத்தக்கவை. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழம்பொருள் தென்பட்டால் அவ்விடத்தில் வேலையை நிறுத்துங்கள். பொருளைக் கழுவவோ தேய்க்கவோ வேண்டா. எத்தனை அடி ஆழம் என்று அளந்து குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். அவர் வழியாக வட்டாட்சியர்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் செய்தி போகும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதனையும் ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அறிவித்து, அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருதற்குச் சட்டம் வகை செய்கிறது. பயந்து உருக்கிவிடுகிறவர்க்கு இந்த விவரம் தெரிந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

பஞ்சாயத்தார்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் எல்லைக்குள் உள்ள கல்வெட்டு, நடுகல், தூம்புத்தூண், பழைய கிணறு ஆகியவற்றுக்கு ஓர் ஏடு வையுங்கள். சர்வே எண், அருகில் உள்ள கண்மாய், இப்போதைய நிலை ஆகிய மூன்றையும் அதில் எழுதினால் போதும். கண்மாய் வேலைக்கு ஒப்பந்தம் விடும்போது அந்த ஏட்டை ஒப்பந்தக்காரர் முன் வைத்து, இன்ன இடத்தில் எந்திரம் இறங்கலாகாது என்று எழுதி வாங்குங்கள்.