பிள்ளை ஜெயிச்ச நாளும் தோத்த நாளும்



பிள்ளைகளின் வெற்றியை வீட்டில் கொண்டாடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் முதல்ல தப்பாக் கொண்டாடினவ. அதையும் சேர்த்தே சொல்றேன்.

என் மூத்தவன் பத்தாம் வகுப்பில் 410 மார்க் வாங்கினான். உடனே குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தீர்மானப் புத்தகத்தில் 'படிப்புச் செலவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பணம் போனது பஸ் ஸ்டாப்பில் வைத்த பேனருக்கும், சொந்தக்காரங்களுக்குப் போட்ட பிரியாணிக்கும். ரெண்டு மழையில் பேனர் கிழிஞ்சிடுச்சு. கடனை 10 மாசம் கட்டினேன். எங்க ஊக்குநர் அக்கா மன்னிக்கணும். இன்னிக்குத்தான் உங்க எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்றேன்.

அதுக்குச் சில மாசம் முன்னாடி, ஏழாவது படிச்ச என் மக குறுவட்ட கோ-கோ போட்டியில் ரெண்டாம் பரிசு வாங்கி வந்தாள். "சரி, அங்க வை. தண்ணி வந்துடுச்சு, குடத்தை எடு" என்றேன். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினப்போ, அந்தச் சான்றிதழ் அடியில் கிடந்தது. "ஏம்மா இங்க வெச்சே?" என்று கேட்டேன். "சுவத்துல அண்ணனுக்குத்தானேம்மா ஆணி அடிச்சிருக்கு" என்றாள். எனக்குப் பேச்சு வரல.

அன்னிக்கே இன்னொரு ஆணி அடிச்சோம். சாயங்காலம் கால் கிலோ ரவையில் கேசரி கிண்டினேன். எங்க மாமியார் மணையைப் போட்டு அவளை உட்கார வைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு ஆரத்தி எடுத்தாங்க. "எப்படி ஜெயிச்சே, சொல்லு" என்று கேட்டோம். பக்கத்துப் பக்கத்துல உட்கார்றவங்க எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்காரணும், முதுகுல தட்டி 'கோ' சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது என்று விளக்கினாள். என் பிள்ளை ஆடுற ஆட்டத்தை அன்னிக்குத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதுவே எங்க வீட்டு வழக்கமாயிடுச்சு. மணை, கேசரி, பிள்ளை சொல்ற கதை. கூடவே 50 ரூபாய், பிள்ளையோட போஸ்ட் ஆபீஸ் கணக்கில். பத்து வயசு முடிஞ்ச பிள்ளை தன் கணக்கைத் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். மகளையே கூட்டிட்டுப் போய்ப் போட வைக்கிறேன்.

பிறகு மூத்தவன் பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாயிட்டான். கதவைச் சாத்திக்கிட்டான். ரிசல்ட் வர்ற மாசம் பேப்பரைத் திறக்கவே நமக்குப் பயமா இருக்கும்ல, அந்தப் பயம் என் வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு. எங்க மாமியார்தான் மணையைப் போட்டாங்க. "ஜெயிச்சாத்தான் இந்த வீட்ல கேசரியா? வாடா" என்றாங்க. வந்து உட்கார்ந்தான், அழுதான், எங்க தடுமாறினோம்னு அவனே சொன்னான். துணைத் தேர்வு எழுதிப் பாஸாயிட்டான். இப்போ ஐ.டி.ஐ. படிக்கிறான்.

அரசாங்கம் 2017-லேயே ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்திடுச்சு. நாமதான் வாசலில் நின்னு இன்னும் "உன் பிள்ளை எவ்வளவு?" என்று கேட்டுக்கிட்டு இருக்கோம். பிள்ளை மனசு உடைஞ்சு போயிருந்தா 104-க்கு போன் பண்ணுங்க, ஆலோசனை சொல்வாங்க. அதுக்கு முன்னாடி பக்கத்துல உட்காருங்க.

கொண்டாட்டத்துக்குக் கடன் வேண்டாம் சகோதரிகளே. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவுக்கு அடியில் ஒரு தடவை பாருங்க. எதாவது இருந்தா, ஒரு ஆணி அடிங்க.