கூரைக்கடியில் உவர்

உவர் நிலம், களர் நிலம் என்றால் திருச்சிப் பக்கம் நாவலூர் குட்டப்பட்டு நினைவுக்கு வரும். அங்கே களர் மண்ணின் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். நீலகிரியோ நேர்மாறு. இங்கே பெய்கிற மழை உப்பையும் சுண்ணாம்பையும் கழுவி இறக்கிவிடுகிறது. தேயிலைக்குப் பிடித்த 4.5 முதல் 5.5 வரையான புளித்த மண் அப்படி வந்ததுதான்.

ஆனால் மழை விழாத மண்ணும் இந்த மலையில் உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் பூ வளரும் பசுமைக்குடில்களைச் சொல்கிறேன். சொட்டுநீரில் கரைத்துவிடும் உரத்தில் செடி எடுத்ததுபோக மிச்சம் பாத்தியிலேயே தங்கும். கழுவிவிட மழை இல்லை. நாளடைவில் மண் உவர்க்கிறது. ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது. இலை நுனி கருகும்.

இங்கேதான் நுண்ணுயிர் வருகிறது. பழுத்த வாழைப்பழத்தின் அருகே வைத்த கார்னேஷன் சீக்கிரம் சுருங்கிவிடும். பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம். உவரில் தவிக்கும் வேரும் அதே வாயுவைச் சுரந்து, தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. வேரை ஒட்டி வாழும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களில் சில, அந்த வாயு உருவாகும் மூலப்பொருளையே உணவாக்கிக்கொள்கின்றன. வாயு குறைகிறது, வேர் மறுபடி நீள்கிறது. கனடாவின் பெர்னார்ட் கிளிக்கும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள். எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை. வேறு சில பாக்டீரியாக்கள் பிசின்போல ஒன்றைச் சுரந்து, சோடியத்தைப் பிடித்து வைக்கின்றன. வேர் உட்பூசணம் தன் நூலிழைகளை நீட்டி, வேருக்கு எட்டாத இடத்து நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து தருகிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. நுண்ணுயிர் உப்பை வெளியேற்றாது. செடி தாங்கிக்கொள்ளத்தான் உதவும். பாத்தியில் வடிகால் அமைத்து, நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கழுவித்தான் ஆகவேண்டும். வாடல் நோய்க்குப் பயந்து நடவுக்கு முன் பார்மலின் ஊற்றுகிறோமே, அதில் நல்ல உயிர்களும் சேர்ந்தே மடிகின்றன. அந்த வெற்று மண்ணில் யார் முதலில் குடியேறுகிறார்களோ, இடம் அவர்களுக்கே. ஆகவே மருந்தின் நெடி முழுவதும் அடங்கட்டும். பிறகு நுண்ணுயிர் உரத்தைக் காலாவதி ஆகாத பொட்டலமாகப் பார்த்து வாங்கி, மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரத்தோடு சில நாள் வைத்திருந்து, நாற்று நடும் அன்றே வேரடியில் இடுங்கள்.