கடைவீதியில் நமக்கும் ஓர் இருக்கை

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஒரு தலைமையாசிரியர் பேச எழுந்தால், கல்வியின் பெருமையைத்தான் பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அது இயல்பே. ஆனால், அந்தப் பெருமை இந்த அவைக்குத் தெரியாததன்று. 25 ஆண்டுகளாக அதனைச் செயலில் காட்டியவர்கள் நீங்கள். கூலிக்குச் சென்ற பெற்றோரின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் காவலர்களாகவும் எழுத்தர்களாகவும் இந்த அரங்கில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். ஆகவே, பெற்றதைப் பற்றிப் பேசாமல், இன்னும் பெறாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது கடைவீதி, அந்தக் கடைவீதியின் குரலாக விளங்கும் வணிகர் சங்கம்.

நமது கீழ்பென்னாத்தூரைச் சற்று மனக்கண் முன் நிறுத்துங்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. பேரூராட்சி, வட்டத்தின் தலைமையிடம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் தன் பெயரைத் தந்திருக்கும் ஊர். சுற்றியுள்ள சிற்றூர்களில் விளையும் நெல்லையும் மணிலாவையும் நம்பியே இங்கு வாணிகம் நடக்கிறது. உரம் வாங்க வருவோரும், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு அப்படியே மளிகை வாங்கிச் செல்வோரும் கடைவீதிக்கு உயிரூட்டுகின்றனர்.

அந்த நெல் நாற்றை நட்டவர்கள் யார்? மணிலாவைப் பிடுங்கிக் காய் ஆய்ந்தவர்கள் யார்? மூட்டைகளை ஏற்றி இறக்கியவர்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்களே. ஆனால், இத்தகைய ஊர்களின் கடைவீதிகளில் கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நம்மவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வணிகர் சங்கக் கூட்டங்களில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்போரை எண்ணுவதற்கோ, பல ஊர்களில் விரல்களும் தேவைப்படுவதில்லை.

வணிகர் சங்கம் என்றால் விலையைப் பேசும் இடம், மே 5ஆம் நாள் வணிகர் தினம் கொண்டாடும் இடம் என்று மட்டும் கருதிவிடலாகாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் பேரூராட்சிக்கு முதலில் மனு எழுதுவது எது? பேருந்து எங்கே நிற்க வேண்டும், கழிவுநீர்க் கால்வாய் எப்பக்கம் செல்ல வேண்டும் என்ற பேச்சு எழும்போது அதிகாரிகள் யாரை அழைக்கின்றனர்? 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் கடைகள் திறக்கும் நேரத்தைக் குறித்துப் பல ஊர்களில் அரசு அலுவலர்கள் வணிகர் சங்கத்தாருடன்தான் கலந்து பேசினர். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் அளிக்கிறது. தெருவில் கூடை வைத்து விற்கும் நம் தாய்மார்கள் எங்கே அமரலாம் என்பதைப் பேசும் குழு அது. ஊராட்சித் தேர்தலில் நமக்குத் தனித்தொகுதி உண்டு. வணிகர் சங்கத்தில் அப்படி எதுவும் இல்லை. கடை இருந்தால்தான் அங்கே இருக்கை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தை இந்தக் கண்கொண்டு படித்துப் பாருங்கள். 15ஆவது பிரிவு, கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் நுழைய எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்கிறது. அது நாம் வாங்குபவராக இருக்கும் உரிமை. 19ஆவது பிரிவு, எந்தத் தொழிலையும் வாணிகத்தையும் செய்யும் உரிமையைத் தருகிறது. அது நாம் விற்பவராக இருக்கும் உரிமை. அதே 19ஆவது பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமையையும் தருகிறது. அது நாம் கூடி முடிவு செய்பவராக இருக்கும் உரிமை. முதல் உரிமைக்காக நம் முன்னோர் போராடினர். மற்ற இரண்டையும் நாம் இன்னும் முழுமையாகக் கையில் எடுக்கவில்லை.

விற்பவராக இருப்பது எத்துணைக் கடினம் என்பதை அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே காட்டுகிறது. அமெரிக்காவிலும் இலண்டனிலும் பொருளாதாரம் பயின்று 1917ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், பின்னர்ப் பம்பாயில் பங்குகள் வாங்குவோருக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவர் இன்ன சாதியார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, தொழில் மூடப்பட்டது. அறிவு குறைந்ததாலா அத்தொழில் நின்றது? இல்லை. பொருளை மட்டும் பார்த்து வாங்காமல், விற்பவரின் பிறப்பையும் பார்த்து வாங்கும் சந்தையில் அவர் தனித்து நின்றார். அவருக்குத் துணையாக ஒரு சங்கம் இல்லை.

சங்கத்தின் வலிமைக்கு நம் தமிழகத்திலேயே சான்றுகள் உண்டு. 1836ஆம் ஆண்டு சென்னையில் ஐரோப்பிய வணிகர்கள் ஒரு வர்த்தக சங்கம் கண்டனர். 1909ஆம் ஆண்டு இந்திய வணிகர்கள் தமக்கெனத் தென்னிந்திய வர்த்தக சங்கத்தை நிறுவினர். அதன் தொடக்கக் காலத் தலைவரான சர் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியின் தலைவராகவும் விளங்கினார். அவர் காலத்தில், 1920ஆம் ஆண்டு, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு வழங்கப்பட்டது. இன்று நம் பள்ளிகளில் காலையிலும் நண்பகலிலும் பிள்ளைகள் தட்டேந்தி அமர்கிறார்களே, அந்த வரலாற்றின் முதற்பக்கத்தில் ஒரு வணிகர் இருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபைக்கு, வர்த்தக சங்கங்கள் தம் வாக்கால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. அதே சபைக்கு நம் தலைவர்களான எம்.சி. இராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அரசின் நியமனத்தால் சென்றனர். நியமனம் பெற்றும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. பொதுத் தெருவும் கிணறும் குளமும் பொது அலுவல் நடக்கும் இடங்களும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு இரட்டைமலையார் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஆயினும், ஒருவர் தம் சங்கத்தின் வாக்கால் அமர்வதும், பிறர் தர அமர்வதும் ஒன்றாகா. அந்த வேறுபாடு நூறாண்டு கடந்தும் கடைவீதியில் நீடிப்பதுதான் நம் கவலை.

தென்பாண்டிச் சீமையில் நாடார் சமுதாயத்தார் செய்ததையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட மக்கள் அவர்கள். ஆனால், வாணிகத்தின் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை ‘மகமை’ என்று ஒதுக்கிப் பொது நிதி கண்டனர். வீடுதோறும் பிடி அரிசி திரட்டினர். விருதுநகரில் அவ்வாறு வளர்ந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் பயின்றவர்தான் காமராசர். 1921ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. கடை பள்ளியை வளர்த்தது. பள்ளி நாட்டை ஆளும் தலைவரைத் தந்தது. நாமோ பள்ளியில் தொடங்கியிருக்கிறோம். நம் பள்ளி கடையை வளர்க்க வேண்டாமா?

இவ்விடத்தில் நம் குறை ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பட்டம் பெற்ற பின், இரும்புச் சாமான் கடை வைக்கப் போவதாகச் சொல்லி வாழ்த்துப் பெற வந்தார். நாம் வாழ்த்தவில்லை. “தேர்வாணையத் தேர்வு எழுதப்பா, கடை நமக்கு ஒத்துவராது” என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அன்பினால் சொன்ன சொல்தான்; ஆனால், அச்சத்தினால் பிறந்த சொல்.

அவர் நம் சொல்லைக் கேட்கவில்லை. வேறோர் ஊரில் கடை வைத்தார். வணிகர் சங்கத்தில் சேரச் சந்தாப் பணத்துடன் சென்றபோது, “அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்” என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே விடை. ஒரு நாள், நிழற்குடை கேட்டுச் சங்கத்தார் மனு எழுத வேண்டியிருந்தது. சட்ட விதிகளைக் காட்டி எழுதத் தெரிந்தவர் அங்கே அவர்தான். எழுதிக் கொடுத்தார், நிழற்குடை வந்தது, உறுப்பினர் இரசீதும் வந்தது. அடுத்த ஆண்டு, காலனிக்குத் திரும்பும் வளைவில் விளக்கு வேண்டும் என்ற கோரிக்கை அச்சங்கத்தின் தாளிலேயே, அச்சங்கத்தின் முத்திரையோடு சென்றது. காலனி மக்கள் தனியே கொடுத்த மனுக்கள் அசைக்காத விளக்குக் கம்பத்தை அந்த ஒரு தாள் நட்டுவித்தது.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டோம். “ஐயா, ஆணியும் கம்பியும் என்னிடம் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால், ஓர் இட்லிக் கடை வைக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை” என்று அவர் அண்மையில் சொன்னார். நாம் தலைகுனிந்தோம். அவர் கையால் சுட்ட இட்லியை ஊரார் அனைவரும் கேள்வியின்றி வாங்கி உண்ணும் நாளே நமது உண்மையான வெள்ளி விழா.

“நம்மைச் சேர்க்காத சங்கம் எதற்கு? நமக்கெனத் தனிச் சங்கம் போதாதா?” என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தனிச் சங்கமும் வேண்டும். 2005ஆம் ஆண்டு புனே நகரில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்திய வர்த்தக, தொழிற் சங்கம், வேலை கேட்பவர் வேலை கொடுப்பவராக வேண்டும் என்ற கொள்கையை நாடெங்கும் பரப்பியது. மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை இலக்கு வகுத்தது. தமிழக அரசு 2023ஆம் ஆண்டு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியத்திற்கும் 6 விழுக்காடு வட்டி மானியத்திற்கும் வழி செய்தது. 1974 முதல் தாட்கோ இருக்கிறது. இவற்றை எட்டிப் பிடிக்கப் பெரிய சங்கம் வேண்டும். ஆனால், நம் தெருவின் கால்வாயைப் புனேயிலிருந்து எவரும் வந்து தூர்வார மாட்டார்கள். அதற்கு உள்ளூர்ச் சங்கத்தின் இருக்கைதான் வேண்டும். ஒன்று முதலுக்கு, மற்றொன்று ஊருக்கு.

ஆகவே, வரும் 25 ஆண்டுகளுக்காக நான்கு வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, நமது மாலை வகுப்புகளில் கணக்கேடு எழுதுதல், வங்கிக் கடன் விண்ணப்பம், உதயம் பதிவு, சரக்கு சேவை வரிக் கணக்கு ஆகியவற்றையும் கற்பிப்போம். இரண்டாவதாக, மாதச் சம்பளம் பெறும் நாம் ஒவ்வொருவரும் சிறு தொகையை மகமைபோல் ஒதுக்கி, புதிதாகக் கடை வைப்போருக்குக் கைமாற்று நிதி ஒன்றை ஏற்படுத்துவோம். மூன்றாவதாக, கடை வைத்திருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் உள்ளூர் வணிகர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராகட்டும். தெருவோரம் விற்கும் நம் சகோதரிகள் நகர விற்பனைக் குழுத் தேர்தலில் நிற்கட்டும். நான்காவதாக, இது நமக்கே கசப்பானது: சம்பளம் வாங்கியதும் பெருநகரக் கடைக்குப் பேருந்து ஏறுகிறோமே, அந்தப் பழக்கத்தைச் சற்றுக் குறைத்து, நம் பிள்ளைகளின் கடைப்படியை மிதிப்போம்.

மாணவச் செல்வங்களே! அரசுப் பணிக்குச் செல்லுங்கள். அது நமது உரிமை. ஆனால், கடை வைக்க விரும்பும் தோழனைக் கண்டால், நாம் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். அவன் கடைத் திறப்பு விழாவிற்கு முதல் ஆளாகச் சென்று முதல் பொருளை வாங்குங்கள்.