நீருக்கடியில் தட்டிப் பார்த்தல்



அட்டனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் எங்கள் மாணவர் சிலர் எதிர்மலையை நோக்கிக் கூவி, குரல் திரும்பும் நேரத்தைக் கணித்துக்கொண்டிருந்தனர். “ஐயா, மலையின் தூரத்தை எதிரொலி சொல்கிறது. அது கல்லா, மண்ணா என்றும் சொல்லுமா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. கலைப் பட்டதாரியாகிய நான் அன்று விழித்தேன். பின்னர் படித்தறிந்தேன். காற்றில் வரும் ஒலி பாறைக்குள் பெரும்பாலும் புகுவதில்லை. ஆகவே மலை அதிகம் பேசாது. நீரிலோ நிலைமை வேறு.

சந்தையிலே பானை வாங்கும் தாய்மார் அதனைத் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? நல்ல பானை கணீரென்னும்; கீறல் விழுந்தது அடைத்த குரலில் பேசும். நீரில் மூழ்கிய உலோகத்தில் ஒலியலை மோதும்போதும் அவ்வாறே. ஒரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மறுபகுதி உள்ளே புகுந்து, அப்பொருளை அதன் மீள்தன்மைக்கேற்ப அதிரச்செய்து, பின்னரே வெளிவரும். இரண்டும் கலந்ததே நாம் அளக்கும் எதிரொலி. ஜேம்ஸ் ஃபாரன் என்னும் அமெரிக்கர் 1951ஆம் ஆண்டில் இதனைக் கணித்ததோடு, நீரில் மூழ்கிய உலோக உருளைகளைக் கொண்டு அளந்தும் காட்டினார்.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். லயத்து அடுப்பில் கொதிக்கும் கருவாடு கடலில் பிடிபட்டதே. அக்கடலில் எவ்வளவு மீன் உண்டென்று அறிய, 1978 முதல் 1980 வரை நான்சன் என்னும் நோர்வே ஆய்வுக்கப்பல் இலங்கைக் கடலை எதிரொலிக் கருவியால் ஆராய்ந்தது. 2018இல் அதே பெயருடைய புதிய கப்பல் மீண்டும் வந்தது. கருவி மூன்று டெசிபெல் பிழைத்தாலே மீனின் கணக்கு இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகிவிடும்.

எனவே இன்று இத்தகைய கப்பல்கள் கருவியைச் சரிபார்க்க, தங்குதன் காபைட்டு என்னும் கடினப் பொருளாலான உருண்டையை மெல்லிய நரம்பிழைகளில் கட்டிக் கப்பலின் அடியில் தொங்கவிடுகின்றன. அதன் விட்டம் 38.1 மில்லிமீற்றர். செக்கனுக்கு 38,000 அதிர்வுகளுள்ள ஒலிக்கு அது தரவேண்டிய எதிரொலியை முன்கூட்டியே கணித்துவிடலாம். இறக்குமுன் அதனைச் சவர்க்காரக் கரைசலில் தோய்ப்பார்கள்; ஒட்டிய சிறு காற்றுக் குமிழி கூட அளவைக் கெடுத்துவிடுமாம்.

இதனை அம்மாணவியிடம் சொன்னேன். மீனின் தசை ஏறக்குறைய நீரைப் போன்றது, அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையே ஒலியைத் திருப்புகிறது என்றும் சொன்னேன்.

“அப்படியானால் கப்பல் எண்ணுவது மீனை அல்ல, குமிழியைத்தானே ஐயா?” என்றாள்.

பெரும்பாலும் அப்படித்தான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்பையின் எதிரொலியே. சூரையில் ஓரினத்துக்கு அந்தப் பையே கிடையாது. அதன் எதிரொலி மிக மெலிந்தே திரும்புகிறது.