ஏட்டில் உள்ள ஒரு மணி நேரம்

(தாதியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆறு மாதம் நிறையும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு என்று பிரசவ விடுதியில் ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துரைப்பவள் தாதி. அவளே தாயாகி, லீவு முடிந்து கடமைக்கு மீளும்போது, அந்த அறிவுரையைத் தன் பிள்ளையளவில் நிறைவேற்ற அவளால் முடிகின்றதா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

சட்டம் வாய்மூடி நிற்கின்றது என்று நான் கூறமாட்டேன். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாய்க்கு லீவு வழங்குகின்றது. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாட்களே என்றிருந்த பாகுபாட்டை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, எப்பிள்ளைக்கும் 84 நாட்கள் என்றாக்கியது. மேலும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டுபவளுக்கு 9 மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகள் உண்டு. பிள்ளைக் காப்பகம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையலாகாது. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையலாகாது.

அரசாங்கத் தாதிக்கோ தாபன விதிக்கோவையின்படி முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதன்மேல் அரைச் சம்பளத்துடன் 84, சம்பளமின்றி 84. ஆனால், கடன்பட்ட குடும்பத்தில் அரைச் சம்பளத்தால் அடுப்பு எரியுமா? ஆகவே அவள் முந்தியே திரும்புகின்றாள்.

திரும்பியவள் காண்பது என்ன? விடுதி நிறைந்த நோயாளர், இராக்கடமைக்குத் தனியொருத்தி. மார்பில் பால் கட்டி வலிக்கின்றது. அவள் எழுந்து சென்றால் நோயாளியின் சேலைனை யார் பார்ப்பது? மாற்றாள் இல்லாத இடத்தில் இடைவேளை என்பது வெறும் எழுத்தே. மேலாளர் இரங்கினால் கிடைப்பதும், இரங்காவிடின் மறைவதும் உரிமையாகாது, அது சலுகை.

ஆதலின் நாம் கேட்க வேண்டியவை மூன்று. பாலூட்டும் தாதியின் இடைவேளைக்கு மாற்றாளின் பெயர் கடமைப் பட்டியலிலேயே எழுதப்படல் வேண்டும். பால் கறந்து குளிரூட்டி வைக்கத் தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். இராக்கடமை உள்ள வைத்தியசாலையில் இரவிலும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும்.

இவற்றை இரந்து பெறுதல் வேண்டா. சங்கத்தின் பெயரால் எழுத்தில் கேளுங்கள். மறுமொழியையும் எழுத்திலேயே பெறுங்கள். பிறர் பிள்ளையைக் காக்கும் கைகளுக்குத் தம் பிள்ளையை அணைக்க ஒரு மணி நேரம் கேட்பது பேராசையன்று, நீதியே!