வியாழக்கிழமை யாருக்கு?

மணமுறிவுதான் பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். நான் சொல்கிறேன், முறிவு அல்ல. பிள்ளைகளை அணி பிரிப்பதுதான் கெடுக்கிறது.

2005-இல் நோவா பாம்பாக் எடுத்த படம், 'தி ஸ்க்விட் அண்ட் தி வேல்'. 1986-இல் புரூக்ளினில் நடக்கிற கதை. அப்பா, அம்மா ரெண்டு பேரும் எழுத்தாளர்கள். பிரிகிறார்கள். பிள்ளைகளை நாள் கணக்கில் பங்கு போடுகிறார்கள். வாரத்துக்கு ஏழு நாளாச்சே, எப்படிச் சமமாப் பிரிக்கிறது? வியாழக்கிழமை மட்டும் ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு! (சிரிப்பு) அடுத்த கேள்வி, பூனை யாருக்கு? (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்போ பிள்ளைகளைப் பாருங்க. பெரியவன் வால்ட், அப்பா கட்சி. அப்பாவின் இலக்கியத் தீர்ப்புகளைப் புத்தகம் படிக்காமலே ஒப்பிக்கிறான். அம்மா வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான். சின்னவன் பிராங்க், அம்மா கட்சி. பன்னிரண்டு வயசில் பீர் குடிக்கிறான்.

கடைசியில் பெரியவன் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறான். அங்கே திமிங்கிலமும் ராட்சதக் கணவாயும் சண்டை போடுகிற பெரிய பொம்மைக் காட்சி. சின்ன வயசில் அதைக் கண்டு கண்ணைப் பொத்திக்கொண்டவன். அன்று பயம் தெளிவித்தவள் யார்? அந்த அம்மாதான்! இன்று கண் திறந்து பார்க்கிறான். (கைதட்டல்)

நாங்களும் இங்கே ரெண்டு அணி. நிகழ்ச்சி முடிஞ்சா ஒண்ணா உட்கார்ந்து காபி குடிப்போம். வீட்டுக்குள் அணி பிரித்துவிட்ட பிள்ளைக்கு, எந்த நடுவர் மணியடித்து 'போதும்' என்பார்?